சிவப்பு மையின் அகலம்

பத்திரத்தில் எங்கள் எல்லை ஒரு சிவப்புக் கோடு.
வக்கீல் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
அந்த மையின் தடிமன் மட்டுமே
மண்ணில் இரண்டடி வரும்.
அந்த இரண்டடிக்குள்தான் நின்றுகொண்டிருந்தன
எம்ரிஸ் ப்ரிச்சர்டின் வேலியும்
என் கோபமும்.

வேல்ஸின் வடக்கில், மலையைக் குடைந்தவர்களுக்காகக்
கட்டிய வரிசை வீடுகள்.
ஏழாம் எண் நான். ஒன்பது அவர்.
ஒரே ஸ்லேட் கூரை, ஒரே வார்ப்பிரும்புப் பீலி.
அவருடையது எங்கே முடிந்து என்னுடையது தொடங்குகிறதோ
சரியாக அங்கேதான் ஒழுக்கு.
வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊர்.

சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியது,
முதலில் முழங்கால் உயரம்,
பிறகு ஸ்விட்ச் வரைக்கும்.
உப்புப் பூத்தது. பெயின்ட் உரிந்தது.
மழை விட்ட பிறகும் முற்றத்துக் குழியில் தண்ணீர்
யாரோ வந்து அழைக்கட்டும் என்பதுபோல்
இறங்காமல் நின்றது.

இரண்டு வருஷம் அவருக்குக் கடிதம் எழுதினேன்.
அவர் இருமினால் எனக்குக் கேட்கும்.
இருந்தும் தபால்தலை ஒட்டி,
தேதி போட்டு, நகல் எடுத்து,
"தங்கள் மரத்தின் வேர்கள்" என்று தொடங்கி.
ஒரு தரம்கூடப் பதில் வரவில்லை.
குற்றம் ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் வைத்தேன்.

கேமராக்காரன் பெயர் டைலோ.
மூடியைத் திறந்து, நுனியில் விளக்கு எரியும் கேபிளை
மெல்ல உள்ளே விட்டான்.
மண் குழாய். நூற்றிருபது வயதிருக்கும்,
ஒரு கீறல் இல்லை.
இரண்டாவது மீட்டரில் ஒன்பதாம் எண்ணின் கிளை
எங்கள் குழாயில் வந்து சேர்ந்தது,
பத்திரத்தையோ சிவப்பு மையையோ கேட்காமல்.
வேர் இருந்தது. மீசை அளவுக்கு.
மூன்றரையில் கேமரா முட்டி நின்றது.
சாம்பல் நிறம், வழவழப்பு,
படுத்துக் கிடக்கும் பன்றிக்குட்டி மாதிரி.

"சிமென்ட்," என்றான். "உங்கள் பக்கத்திலிருந்து.
யாரோ வாளி கழுவி ஊற்றியிருக்கிறார்கள்.
ஒரு தரம் இல்லை."

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும்.
கெத்தின் முற்றத்துக்குத் தளம் போட்ட கோடை.
அதே வாரம் சுவரின் பழைய சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி
கல்லிடுக்கெல்லாம் சிமென்ட் அடைத்தார்.
"நம் காலத்துக்கு இது போதும்," என்றார்.
அவர் காலத்துக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

டைலோ சுவரை விரலால் தட்டிப் பார்த்தான்:
உள்ளே வந்த ஈரத்துக்கு
வெளியே போக வழியில்லை.
"அறிக்கையில் என்ன எழுத?
'கெட்டிப் படிவு, மூலம் தெரியவில்லை',
அப்படியும் எழுதுவதுண்டு,"
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

தெரிந்ததையே எழுதச் சொன்னேன்.
பிறகு, தபால்தலை இல்லாமல், நடந்து போனேன்.
எம்ரிஸ் கையில் வாளியோடு கதவைத் திறந்தார்.
அவர் முற்றத்திலும் அதே தண்ணீர்;
இரண்டு வருஷமாக மொண்டு மொண்டு
தெருவில் கொட்டியிருக்கிறார்.
சொன்னேன்.

"தெரியும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
பாடிக்கொண்டே கழுவி ஊற்றினார்."

சொல்லியிருக்கலாமே?

"அவரை அடக்கம் செய்த மாதம்
உங்கள் முதல் கடிதம் வந்தது.
எந்த வரியில் எழுதுவேன்?"

குழாய்ச் செலவு முழுக்க என்னுடையது,
அதில் பேரம் இல்லை என்றேன்.
பீலிக்குப் பாதிப் பாதி.
சனிக்கிழமை அவர் ஏணியில், நான் கீழே,
உளியால் கெத்தினின் சிமென்டைக் கொத்தினோம்.
அது லேசில் வரவில்லை. நல்ல வேலைக்காரர்.
இடைவெளிகளில் சுண்ணாம்புச் சாந்து வைத்து
ஈரச் சாக்கால் மூடினோம்.
சுவர் உலர இரண்டு கோடையாவது ஆகுமாம்.

வேலி இன்னும் அப்படியே நிற்கிறது,
ஒன்பது அங்குலம் என் பக்கம்.
அது வேறு விஷயம்.
அதில் நான் சொல்வதுதான் சரி.